ஒன்பது ஊசிகளின் சாட்சி

அத்தியாயம் 6

கணவன் ஜெயிலில் இருந்தால் அவனைக் காப்பாற்ற மனைவி பொய் சொல்வாள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் மனைவி காப்பாற்ற வந்து நிற்கும்போது, ‘அவள் சொல்வது பொய், நம்பாதீர்கள்’ என்று கணவனே போலீசுக்கு எழுதிக் கொடுப்பதை வேதநாயகி இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

2006 டிசம்பர். வியாழக்கிழமை காலை பத்தரை. பூனா கேம்ப் பகுதியில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். வேதநாயகி ராணுவத் தளவாட ஆலையில் பதினெட்டு வருடம் தரப் பரிசோதனை செய்தவள். கையில் கொடுத்த எதையும் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். உதவியாளன் ஆண்டனிக்கு நாற்பது வயது. முன்பு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். வாயை மூடத் தெரியாததால் வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள், கடையும் போய்விட்டது.

எதிர் நாற்காலியில் செல்வமேரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதமாகத் தூங்காத கண்கள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள் வேதநாயகி. “அக்டோபர் பத்து, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு உங்க வீட்டுக்காரர் எங்கே இருந்தார்?”

“எங்கூடதான் மேடம். கட்கி கோயில்ல. செவ்வாக்கிழமைன்னா அந்தோணியாருக்கு நவநாள் உண்டும்லா. அன்னைக்கு ஒம்பதாவது வாரம். கடைசி வாரத்துக்காவது வாங்கன்னு மத்தியானமே போன் போட்டேன். நாலரைக்கெல்லாம் போசரி கம்பெனியில இருந்து கெளம்பி வந்துட்டாவ. என் பக்கத்துலதான் முழங்கால் போட்டு நின்னாவ.”

“யாராவது பார்த்தாங்களா?”

“கூட்டத்துல யாரு யாரைப் பாக்கா?”

“அந்தோணியார் பார்த்திருப்பார்,” என்றான் ஆண்டனி. “என் பேர்க்காரர்தான். ஆனா கோர்ட்டுக்கு வரமாட்டார்.”

வேதநாயகி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேஜை மேல் இருந்த வாக்குமூலத்தின் நகலை இழுத்து வைத்துக்கொண்டாள். இருதயராஜ் தன் கைப்பட எழுதியது. ‘பத்தாம் தேதி மாலை 5.40-க்கு நான் மெஷின் பக்கத்தில் இருந்தேன். சரியான ப்ரோக்ராமை லேப்டாப்பிலிருந்து ஏற்றினேன். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி என் மேலுள்ள பாசத்தில் பேசுகிறாள்.’

கேஸ் இதுதான். போசரியில் வஜ்ரா டர்னிங்ஸ் என்ற கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைக் கடையும் ஒரு பழைய மெஷின். அந்த மெஷினுக்குக் கட்டளைகள் எழுதி, லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாக ஏற்றுவது இருதயராஜின் வேலை. அதை ஓட்டுவது தேஜஸ் என்ற இருபத்துமூன்று வயதுப் பையனின் வேலை. அக்டோபர் பதினொன்று காலை ஏழு மணிக்கு தேஜஸ் பட்டனை அழுத்தினான். வெட்டும் கருவி போகக்கூடாத இடத்துக்குப் போய் மோதியது. இரும்புத் துண்டு ஒன்று மெஷின் கதவின் கண்ணாடியைப் பிளந்துகொண்டு வந்து அவன் நெஞ்சில் பாய்ந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால் கேண்டீனில் இருதயராஜ் அவனைக் கன்னத்தில் அறைந்ததை முப்பது பேர் பார்த்திருந்தார்கள். வேண்டுமென்றே தப்பான ப்ரோக்ராமை ஏற்றிக் கொன்றுவிட்டான் என்று கம்பெனி புகார் கொடுத்தது. போலீஸ் கொலைக் கேஸ் போட்டது.

“திங்கக்கிழமை ஜாமீன் மனு வருது மேடம்,” என்றாள் செல்வமேரி. “எதாவது ஒண்ணு கொண்டாங்க, வெறுங்கையோட நிக்க முடியாதுன்னு வக்கீலு சொல்லிட்டாரு. அவிய கொலை பண்ணுற ஆளு இல்ல. ஒரு எலிய அடிக்கச் சொன்னாகூட என்னைத்தான் கூப்பிடுவாவ.”

“நீங்க சொல்றது உண்மைன்னா உங்க வீட்டுக்காரர் பொய் சொல்றார். தன்னைக் காப்பாத்தற சாட்சியை ஒரு மனுஷன் ஏன் வேண்டாங்கணும்?”

“அதான் எனக்கும் வெளங்கல,” என்று அழுதாள் செல்வமேரி. “கோர்ட்டுல, ஸ்டேஷன்ல, பாக்கவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், அவிய எங்கூட இருந்தாவன்னு. ஒருத்தரும் நம்பல. அவியளே நம்பவிட மாட்டேங்காவ.”

*

வஜ்ரா டர்னிங்ஸின் தலைமை அலுவலகம் விமான் நகரில் ஆறாவது மாடியில் இருந்தது. மேனேஜர் பத்ரிநாத் வரவேற்றார். வக்கீலின் கடிதத்தைப் படித்துவிட்டு, மறைக்க ஒன்றுமில்லை என்று கையை விரித்தார். அவர் மேஜையில் நோட்டுப் புத்தகம் கனத்தில் ஒரு புது லேப்டாப் இருந்தது. அதைப் பார்த்ததும் ஆண்டனியின் பழைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

“சார், இதுல மவுஸ் எங்கே சொருகுவீங்க?”

“யூ.எஸ்.பி.”

“பிரிண்டர்?”

“யூ.எஸ்.பி. எல்லாமே அதுலதான்.”

“அரே யார், லேப்டாப்னா பின்னால ஒரு வரிசை வேணும் சார். பிரிண்டருக்கு இருபத்தஞ்சு ஓட்டை, மானிட்டருக்குப் பதினஞ்சு ஓட்டை, கீபோர்டுக்கு ஒரு வட்டம், டெலிபோனுக்கு ஒரு சதுரம், மெஷினுக்கு ஒன்பது ஊசி. அது ஒரு குடும்பம். இது பேச்சுலர் ரூம் மாதிரி இருக்கு.”

“நீங்க எந்தக் காலத்துல இருக்கேள்?” பத்ரிநாத் சிரித்தார். “பத்து வருஷம் கழிச்சுப் பாருங்கோ, மொத்தத்துக்கும் ஒரே ஓட்டைதான் இருக்கும். இந்த மாதிரி ஆறு வாங்கிப் போட்டிருக்கேன்.”

“அப்போ போசரி மெஷினோட இது எப்படிப் பேசும்?” என்று கேட்டாள் வேதநாயகி.

பத்ரிநாத்தின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. “பேசாது. அது கிழட்டு மெஷின், தொண்ணூத்தி மூணுல வாங்கினது. அதுக்கு அந்த ஒன்பது ஊசிதான் பாஷை. அதுக்காகவே ஒரு பழைய குண்டு லேப்டாப்பை வெச்சிண்டிருந்தோம். பாஸ்வேர்டு இருதயராஜ் ஒருத்தன்கிட்டதான் இருந்தது.”

“யூ.எஸ்.பி.யை ஒன்பது ஊசியா மாத்தற கேபிள் கடையில தொங்குதே?”

“ரெண்டு தினுசு வாங்கிப் பார்த்தோம். மெஷின் பாதி எழுத்தை முழுங்கிடுத்து. ஏப்ரல் மாசமே தூக்கிப் போட்டாச்சு.”

“மெஷின்லயே பட்டனைத் தட்டி மாத்தலாமே?”

“அதுக்குச் சாவி போடணும். சாவி ஒண்ணே ஒண்ணு. இதோ, ரெண்டு வருஷமா இந்த டிராயர்லதான் இருக்கு.” எடுத்துக் காட்டினார். “நான் சொல்ல வரது புரியறதா? வேற வழியே கிடையாது. அந்தக் குண்டு லேப்டாப்லேர்ந்து அந்த ஒன்பது ஊசி வழியாத்தான் மெஷினுக்குள்ள எதுவும் போக முடியும்.”

“இதையே நாலு வரி எழுதிக் கொடுப்பீங்களா?”

“பேஷா!” கம்பெனி தாளில் எழுதி, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு நீட்டினார் பத்ரிநாத். எதிர்க்கட்சி துப்பறிவாளரே வந்து இதைக் கேட்டதில் அவருக்கு ஏக சந்தோஷம். இருக்காதா? சதி என்று முடிந்தால் கம்பெனிமேல் பழி இல்லை. விபத்து என்று முடிந்தால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து மொத்த ஆலையையும் குடைவார்.

“அந்த லேப்டாப்பைப் பார்க்கலாமா?”

“ஹார்ட் டிஸ்க்கைப் போலீஸ்காரா கழட்டிண்டு போயிட்டா. அது பரிசோதனைக் கூடத்துல க்யூல கிடக்கு, எப்போ வருமோ. உடம்பு மட்டும் போசரில அலமாரில பூட்டியிருக்கு. அக்டோபர் பதிமூணுலேர்ந்து ஒருத்தரும் தொடலை. தாராளமாப் போய்ப் பாருங்கோ. ஒன்பது ஊசியும் சரியா இருக்கான்னு எண்ணிக்கூடப் பாருங்கோ!”

லிஃப்டில் இறங்கும்போது ஆண்டனி தலையில் கை வைத்துக்கொண்டான். “மேடம், எதிரி நம்ம கட்சிக்காரருக்குத் தூக்குக் கயிறு திரிக்கிறது சரி. அதுக்கு சீல் வேற போட்டு வாங்கிட்டு வர்றீங்களே!”

“எல்லாக் கதவும் பூட்டியிருக்குன்னு அவர் வாயால சொல்லணும் ஆண்டனி. அப்புறம்தான் மிச்சம் இருக்கிற ஒரு கதவு திறந்துதான்னு நாம பார்க்க முடியும்.”

*

வியாழக்கிழமை போசரி தொழிற்பேட்டைக்கு வார விடுமுறை. அன்று கரண்டும் இருக்காது, ஆட்களும் இருக்கமாட்டார்கள். வஜ்ரா டர்னிங்ஸில் அம்ருதா மட்டும் உட்கார்ந்து அளவுக் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே தரம் பார்க்கும் பெண். பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் வீட்டில்தான், அதுவும் அம்மா கோபத்தில் இருக்கும்போது மட்டும்.

“பத்ரி சர் போன் பண்ணார். ஆவோ மேம். என் தமிழ் கொஞ்சம்... தோடா தோடா. மாஃப் பண்ணுங்க.”

ஷெட்டின் மூலையில் அந்த மெஷின் நின்றது. உடைந்த கண்ணாடிக்குப் பதில் பிளைவுட் அடித்திருந்தார்கள். அம்ருதா அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்து போய் அலமாரியைத் திறந்து, குண்டு லேப்டாப்பை எடுத்து ஜன்னலோரம் மேஜையில் வைத்தாள். ஆண்டனி அதை ஆசையாகத் திருப்பினான். திருப்பியவன் முகம் மாறியது.

“மேடம், ஒன்பது ஊசின்னு சொன்னாங்க. இங்கே ஒரு ஊசிகூட இல்லை.”

வேதநாயகி குனிந்தாள். பின்பக்கத்தில் அரை விரல் நீளப் பள்ளம் ஒன்று. ஊசிகள் இருக்க வேண்டிய அந்தப் பள்ளம் முழுவதும் மஞ்சளாக ஏதோ அப்பி, காய்ந்து, கெட்டியாகி இருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. பொட்டின் மேல் மூன்று அரிசி.

ஆண்டனி சட்டைப் பையிலிருந்து பழைய பிரஷ்ஷை உருவினான்.

“தொடாதே!”

அவள் போட்ட சத்தத்தில் பிரஷ் கீழே விழுந்தது. அம்ருதா பயந்துபோய் அருகில் வந்தாள்.

“அது கந்தம் மேம். சந்தனம். நான்தான் போட்டேன். கண்டே நவமி அன்னிக்கு.”

ஆயுத பூஜைக்கு மராட்டியப் பக்கத்தில் அந்தப் பெயர். ஆலையில் எல்லா மெஷினையும் கழுவி, சாமந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, அட்சதை போடுவார்கள். அந்த வருடம் அது அக்டோபர் ஒன்றாம் தேதி வந்தது.

“மூடி மேல வைக்காம இங்கே போய் ஏன் வெச்சே?”

அம்ருதா கீழே கிடந்த பிரஷ்ஷை எடுத்து மேஜையில் வைத்தாள். “தேஜஸ் சொன்னான். மெஷினுக்கு கானா... சாப்பாடு இதுலேர்ந்துதானே போவுது, இதுதான் முஹ்... வாய். அங்கே போடுன்னு. மஸாக்... கிண்டல் பண்ணான். நான் ஃபுல்லா ரொப்பிட்டேன். ராஜ் சர் திட்டவே இல்ல. சிரிச்சார். கேபிள் சொருகும்போது நான் க்ளீன் பண்ணிக்கிறேன், விடுன்னு சொன்னார்.”

“இதே சந்தனம்தான்னு எப்படிச் சொல்றே? நடுவுல யாராவது துடைச்சுட்டுப் புதுசா வெச்சிருக்கலாமே?”

அம்ருதா ஓடிப்போய் நோட்டீஸ் போர்டிலிருந்து ஒரு போட்டோவைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். பூஜை அன்று எடுத்தது. எல்லாரும் வரிசையாக நிற்க, முன்னால் ஒல்லியாக ஒரு பையன் லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அதுதான் தேஜஸ் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேதநாயகி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். மஞ்சள் பள்ளம். சிவப்புப் பொட்டு. அதில் இரண்டு அரிசி பக்கம் பக்கமாகவும் ஒன்று குறுக்காகவும் ஒட்டியிருந்தன. மேஜையில் இருந்த லேப்டாப்பிலும் இரண்டு பக்கம் பக்கமாக, ஒன்று குறுக்காக.

ஆண்டனி ஒரு சுற்றுச் சுற்றி நின்றான்.

“மேடம்! அக்டோபர் ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் இந்த வாய்க்குள்ள கேபிளே நுழையல! சொருகியிருந்தா சந்தனம் உடைஞ்சு தூள் தூளாயிருக்கும். பத்தாம் தேதி இருதயராஜ் தப்பான ப்ரோக்ராமை ஏத்தவே இல்லை. வேற வழியே கிடையாதுன்னு பத்ரிநாத் சீல் போட்டுக் கொடுத்துட்டார். கொலைக் கேஸ் காலி! செல்வமேரிக்குப் போன் போடவா?”

“போடாதே.”

“ஏன் மேடம்?”

வேதநாயகி அம்ருதாவைப் பார்த்தாள். “ரெஜிஸ்டர் நகல் இருக்கா?”

இருந்தது. பத்தாம் தேதிக்கு நேராக இருதயராஜின் அழகான கையெழுத்து. ‘புதிய ப்ரோக்ராம் ஏற்றி, சரிபார்க்கப்பட்டது. நேரம் 5.40.’

“இதை அவர் எத்தனை மணிக்கு எழுதினார் அம்ருதா?”

அம்ருதா அளவுக் கருவியைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“நீ சொல்லித்தான் ஆகணும்மா.”

“மூணு மணிக்கு. சாய் டைம்ல.” அழ ஆரம்பித்துவிட்டாள். “அவர் மட்டும் இல்ல மேம். சப் லோக், எல்லாரும் அப்படித்தான். ஷிப்ட் முடியற டைம்ல ரெஜிஸ்டர்கிட்ட லைன் நிக்கும், பஸ் போயிடும். அதனால சாய் குடிக்கும்போதே சைன் போட்டுடுவோம், டைம் மட்டும் அஞ்சரை, அஞ்சே முக்கால்னு எழுதிடுவோம். அப்புறம் வேலையை முடிப்போம். நானும் அப்படித்தான் போட்டேன். போலீஸ்ல சொன்னா எங்க எல்லாருக்கும் நௌகரி, வேலை போயிடும்.”

“புது ப்ரோக்ராம் எதுக்கு?”

“பீஸ் மாறிச்சு. பழசு நூத்தி இருபது மில்லிமீட்டர் நீளம். புதன்கிழமையிலேர்ந்து புதுசு, எண்பதுதான்.”

மெஷினுக்குள் பழைய ப்ரோக்ராம்தான் இருந்திருக்கிறது. அதற்குத் துண்டு குட்டையானது தெரியாது. எண்பதில் இரும்பு முடிந்த பிறகும் இன்னும் நாற்பது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கருவி முன்னால் போயிருக்கிறது. அங்கே இரும்பைப் பிடித்துக்கொண்டு அசுர வேகத்தில் சுற்றும் இடுக்கிதான் இருந்தது. தப்பான ப்ரோக்ராமை யாரும் ஏற்றவில்லை. சரியானதையும் யாரும் ஏற்றவில்லை.

“கேண்டீன்ல அவர் தேஜஸை ஏன் அடிச்சார்?” என்று மெதுவாகக் கேட்டாள் வேதநாயகி.

“மெஷின் ஓடும்போது கதவைத் திறந்து கையை விட்டான் மேம். ராஜ் சர் பார்த்துட்டார். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் ஆயிக்கு, அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்னு அடிச்சார். அப்புறம் அவரே அவனுக்கு வடா பாவ் வாங்கிக் கொடுத்தார்.”

லேப்டாப்பையும் போட்டோவையும் பக்கத்தில் வைத்து ஆண்டனி பல படங்கள் எடுத்தான். போசரியிலிருந்து திரும்பும் வழியில் நாசிக் பாட்டா சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். அங்கே எந்த நாளும் அப்படித்தான்.

“இன்னும் நமக்கு நல்லதுதானே மேடம்?” என்றான் ஆண்டனி. “கொலைன்னா ஆயுசு முழுக்க. அஜாக்கிரதைன்னா அதிகபட்சம் ரெண்டு வருஷம். அவருக்கு இது தெரியாதா? ஏன் பொய் சொல்லிட்டு உட்கார்ந்திருக்கார்?”

“செல்வமேரி ரெண்டு மாசமா ஊரெல்லாம் போய், ‘அவர் என்கூடக் கோயில்ல இருந்தார்’னு சொல்லிட்டிருக்கா. அது நிஜம்னா மெஷின் பக்கத்துல யார் இருந்தது? யாரும் இல்லை. தன் புருஷனுக்கு எதிரா இவ்வளவு நாளா சாட்சி சொல்லிட்டிருக்கிறது தான்தான்னு அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.”

*

வெள்ளிக்கிழமை. எரவாடா சிறையில் பார்வையாளர் நேரம். இருதயராஜ் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். நாற்பத்தைந்து வயதுக்கு அறுபது தெரிந்தது. செல்வமேரி வலையில் விரலை வைத்தாள். அவனும் வைத்தான். பதினைந்து நிமிடம்தான் நேரம், அதனால் வேதநாயகி சுற்றி வளைக்கவில்லை.

“இருதயராஜ், அந்தச் சந்தனம் அப்படியே இருக்கு.”

அவன் விரலை எடுத்துக்கொண்டான். “மேடம், மேரி இருக்கும்போது வேண்டாம்.”

“என்ன சந்தனம்?” என்றாள் செல்வமேரி.

வேதநாயகி சொன்னாள். பூஜை, பள்ளம், மூன்று அரிசி, போட்டோ, பத்ரிநாத் எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாம். கேட்கக் கேட்க செல்வமேரியின் முகம் மலர்ந்தது. இரண்டு மாதத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“நான் சொன்னேம்லா! எங்கூடதான இருந்தாவன்னு தலையால அடிச்சுக்கிட்டேம்லா! இப்பம் நம்புவாங்கல்லா மேடம்? கேபிளே சொருகலன்னா அவிய எப்படி...”

கணவன் பக்கம் திரும்பினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

“ஏங்க. சொருகலன்னா...” குரல் இறங்கியது. “அப்பம் அந்த மெஷினுக்கு யாரு ஏத்துனா?”

“யாரும் ஏத்தல மேரி.”

“நான் போன் போட்டேன்லா. நான் கூப்பிட்டதுனாலதான...”

“நீ ஒண்ணும் பண்ணல. நானாத்தான் வந்தேன். காலையில ஆறரைக்கே போய் ஏத்திரலாம்னு நெனச்சேன். பத்து நிமிஷ வேலைதான். எத்தனையோ தடவ அப்படிச் செஞ்சிருக்கேன்.”

“பஸ் நாசிக் பாட்டாவுல நின்னுடுச்சு,” என்றாள் வேதநாயகி.

இருதயராஜ் நிமிர்ந்து பார்த்தான். “ஆமா. அங்க நிக்கும்போது அந்தப் பய போன் பண்ணுனான்.”

இது வேதநாயகிக்குப் புதிது. ஆண்டனி வலையை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தான்.

“தேஜஸா?”

“கையெழுத்து இருந்தும் போன் பண்ணிக் கேட்டான் மேடம். அறைஞ்சதுல இருந்து அவ்வளவு கவனமா இருந்தான். ‘ஜாலா கா, ராஜ் சர்?’னான். முடிஞ்சுதா சர்னு. பக்கத்துல பத்ரி சர் நிக்காரு, லேட்டாவுதுன்னு சத்தம் போடுதாருன்னான். இன்னும் ஏத்தலடான்னு சொன்னா கையெழுத்துப் பொய்யின்னு ஆயிரும். அவன் பெட்டிய எல்லாம் எடுத்து வச்சு எண்ணெய் போட்டு ரெடி பண்ண எப்படியும் கால் மணி நேரம் ஆவும், அதுக்குள்ள போயிரலாம்னு நெனச்சுட்டேன். ‘ஜாலா’ன்னேன். ஒரே ஒரு வார்த்தை. பஸ்ஸ விட்டு எறங்கும்போது ஆம்புலன்ஸ் என்னைத் தாண்டிப் போவுது.”

பக்கத்து வலையில் யாரோ குழந்தைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“திங்கட்கிழமைக்குள்ள இதை வக்கீல்கிட்ட கொடுக்கணும்,” என்றாள் வேதநாயகி. “கொலைக் கேஸ் நிக்காது. ஜாமீன் கிடைக்கும். பிறகு தண்டனை வந்தாலும் ரெண்டு வருஷம்.”

“குடுக்காதீங்க மேடம்.”

“பைத்தியமா உமக்கு?” செல்வமேரி வலையைப் பிடித்து உலுக்கினாள். “வெளிய வாங்க! தப்புதான். பெரிய தப்புதான். அந்தப் பயலோட அம்மா வீட்டுக்கு நானும் கூட வாரேன். ரெண்டு பேருமாப் போயி கால்ல விழுவோம். அவ அடிச்சா அடி வாங்குவோம்.”

“அவ ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டுக்கு வாரா மேரி. என்னையப் பாத்து கொலகாரான்னு கத்துதா. மண்ண வாரித் தூத்துதா. நான் நிமிந்து நின்னு கேட்டுக்கிடுதேன். ஏன்னா அது பொய். நான் அவனைக் கொல்லணும்னு நெனைக்கல, அது அந்தக் கடவுளுக்குத் தெரியும். பொய்யா ஏசுனா தாங்கிருது. வெளிய வந்து, ‘உன் மவன் கேட்டான், நான் ஆச்சுன்னு சொல்லிட்டேன்’னு சொன்னா, அதுக்கப்புறம் அவ ஏசுறது எல்லாம் உண்மையாயிரும். அதை என்னால தாங்க முடியாது. நான் வரல.”

“அப்பம் நானும் பிள்ளையளும்?”

நேரம் முடிவதற்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அதற்குள் அவன் திரும்பி உள்ளே நடந்தான். செல்வமேரி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கட்டிய கணவனைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவன் நின்றான், ஆனால் திரும்பவில்லை. பிறகு போய்விட்டான்.

வெளியே வந்ததும் ஆண்டனி மரத்தடியில் ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். வேதநாயகி படங்கள் இருந்த கவரைச் செல்வமேரியின் கையில் கொடுத்தாள்.

“இது உங்க கேஸ். கொடுக்கிறதும் கிழிக்கிறதும் நீங்க சொல்றபடிதான். ஆனா ஒண்ணு சொல்றேன். இதைக் கொடுத்தா அவருக்கு ஜாமீன் கிடைக்கும். அவர் பழையபடி உங்க வீட்டுக்கு வருவார்னு என்னால சொல்ல முடியாது.”

செல்வமேரி கவரைத் திறந்து பார்க்கவில்லை. வேதநாயகியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“வக்கீல்கிட்ட குடுத்துருங்க மேடம். ஜாமீன் கெடைக்கட்டும்.” சிறைக் கதவைப் பார்த்தாள். “அன்னைக்கு நான் ஒரு போன்தான் போட்டேன். வேலைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்தாவ. இனிமே நான் கூப்பிட்டா வரமாட்டாவ.”